பத்துப் பேர் சேர்ந்தால்தான் பண்டிகை! - கொச்சி யூதர்களின் ஓராண்டுக் கதை

கொச்சி மட்டாஞ்சேரியில் உள்ள பரதேசி சினகாக், கேரளத்துக்குச் சுற்றுலா போகிறவர்கள் தவறவிடாத இடங்களில் ஒன்று. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகிறவர்கள், காலடியில் கிடக்கும் நீல நிறச் சீன ஓடுகளைக் குனிந்து பார்ப்பார்கள். மேலே தொங்கும் பெல்ஜியம் கண்ணாடி விளக்குகளை அண்ணாந்து பார்ப்பார்கள். வெளியே வந்து, யூதத் தெருவின் மசாலாக் கடையில் ஏலக்காய் வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள்.

வருகிறவர்களுக்குக் குறைவே இல்லை. ஆனால், அங்கே முறையாக வழிபாடு நடக்க வேண்டுமென்றால் பத்துப் பேர் வேண்டும். அந்தப் பத்துப் பேர்தான் அங்கே இல்லை.

யூத மரபில் சபை வழிபாட்டுக்குப் பதின்மூன்று வயது நிறைந்த ஆண்கள் பத்துப் பேர் கூட வேண்டும். இதற்கு 'மின்யான்' என்று பெயர். ஒருவர் வீட்டில் தனியாக ஜெபிப்பதற்குத் தடையில்லை. ஆனால் வேதச் சுருளான தோராவை வெளியே எடுத்து சபையில் வாசிக்கப் பத்துப் பேர் வேண்டும். இறந்துபோன அப்பாவுக்காக மகன் சொல்லும் 'கத்திஷ்' ஜெபத்துக்கும் பத்துப் பேர் வேண்டும். ஒன்பது பேர் வந்து உட்கார்ந்திருந்தாலும், பத்தாவது ஆள் வரும்வரை காத்திருக்கத்தான் வேண்டும்.

அப்படியென்றால், பல நூற்றாண்டுகளாக அந்தத் தெருவில் பண்டிகைகள் எப்படி நடந்தன? பிறகு என்ன ஆயிற்று?

செப்பேடு தந்த உரிமை

கொச்சி யூதர்கள் எப்போது இங்கே வந்தார்கள் என்பதற்கு அவர்களிடமே பல கதைகள் உண்டு. சாலமோன் மன்னர் காலத்திலேயே கப்பல்கள் வந்தன என்பது ஒரு கதை. கி.பி. 70-இல் ரோமானியர் ஜெருசலேம் ஆலயத்தை இடித்தபோது தப்பி வந்தோம் என்பது இன்னொரு கதை.

கையில் இருக்கும் உறுதியான சான்று ஒரு செப்பேடு. சுமார் கி.பி. 1000-இல் சேர மன்னர் பாஸ்கர ரவிவர்மன், ஜோசப் ரப்பான் என்ற யூதத் தலைவருக்கு அளித்தது அது. பகலில் விளக்கு, நடக்கும் பாதையில் விரிப்பு, பல்லக்கு, குடை, வரிவிலக்கு என்று 72 உரிமைகள் அதில் தரப்படுகின்றன. எழுதப்பட்டிருப்பது வட்டெழுத்தில். மொழி பழைய மலையாளம். தமிழில் இருந்து இன்னும் முழுதாகப் பிரிந்து போகாத காலத்து மலையாளம் என்பதால், படித்துக் காட்டினால் நம் காதுக்கும் பல சொற்கள் பிடிபடும். 2017-இல் பிரதமர் மோடி இஸ்ரேல் சென்றபோது அந்நாட்டுப் பிரதமருக்குப் பரிசளித்தவற்றில் இந்தச் செப்பேட்டின் பிரதியும் ஒன்று.

செப்பேடு பிறந்த இடம் முயிரிக்கோடு, அதாவது இன்றைய கொடுங்கல்லூர். பெரியாற்றின் போக்கு மாறித் துறைமுகம் தூர்ந்தது, பிறகு 16-ஆம் நூற்றாண்டில் தாக்குதல்கள் என்று பல காரணங்களால் யூதர்கள் கொச்சிப் பக்கம் நகர்ந்தார்கள். கொச்சி ராஜா தன் அரண்மனைக்குப் பக்கத்திலேயே நிலம் கொடுத்தார். அங்கே 1568-இல் எழுந்ததுதான் பரதேசி சினகாக். அரண்மனைக் கோயிலும் சினகாக்கும் அடுத்தடுத்து நிற்கின்றன. யூதர்களின் தலைவருக்கு ராஜா கொடுத்த பட்டம் என்ன தெரியுமா? 'முதலியார்'!

'பரதேசி' என்றால் வெளிநாட்டில் இருந்து வந்தவர் என்று பொருள். ஸ்பெயின் முதலிய நாடுகளில் இருந்து பிற்காலத்தில் வந்து சேர்ந்த குடும்பங்களின் ஆலயம் அது. அவர்களுக்குப் பல நூற்றாண்டுகள் முன்பிருந்தே இங்கே வாழ்ந்தவர்கள் மலபார் யூதர்கள். எண்ணிக்கையில் அவர்களே அதிகம். மட்டாஞ்சேரி, எர்ணாகுளம், பரவூர், சேந்தமங்கலம், மாளா ஆகிய ஊர்களில் அவர்களுக்கு ஏழு ஆலயங்கள் இருந்தன. பரதேசியையும் சேர்த்தால் எட்டு.

இத்தனைக்கும் கொச்சி யூதர்களிடம் 'ரபி' எனப்படும் மதகுரு என்று தனியாக யாரும் கிடையாது. வியாபாரியோ, எழுத்தரோ, எண்ணெய் விற்பவரோ, ஹீப்ருவை நன்றாகப் படிக்கத் தெரிந்தவர் முன்னே நின்று வழிபாட்டை நடத்தினார். ஆண்டு முழுவதும் வரும் பண்டிகைகளைக் கட்டிக் காத்தது இந்தச் சாதாரணக் குடும்பங்கள்தான்.

அமாவாசையை ஒட்டிப் புத்தாண்டு

யூதர்களின் மாதம் பிறையைப் பார்த்து நடக்கிறது. ஆனால் பண்டிகைகள் பருவம் தவறக் கூடாது. அதனால் 19 ஆண்டுகளுக்கு 7 முறை ஒரு மாதத்தைக் கூட்டிக்கொள்வார்கள். தெலுங்குப் பஞ்சாங்கத்தில் 'அதிக மாசம்' வருகிறதே, ஏறக்குறைய அதே கணக்கு. நாள் பிறப்பது நள்ளிரவில் அல்ல. சூரியன் மறைந்ததும் அடுத்த நாள் தொடங்கிவிடும்.

இந்தக் கணக்கால் ஒரு சுவாரஸ்யம். யூதப் புத்தாண்டான 'ரோஷ் ஹஷானா' பல ஆண்டுகளில் நம் மகாளய அமாவாசையை ஒட்டியே வரும். நம் வீடுகளில் நவராத்திரி கொலுவுக்குப் படி கட்டும் அதே நாட்களில், யூத ஆலயத்தில் ஆட்டுக்கிடாவின் கொம்பை ஊதிப் புத்தாண்டை வரவேற்பார்கள். அந்தக் கொம்பின் பெயர் 'ஷோபார்'. ஊதும் சத்தம் கேட்டு மனசாட்சி விழிக்க வேண்டும் என்பது அதன் தாத்பர்யம்.

பத்தாம் நாள் 'யோம் கிப்பூர்'. ஆண்டின் மிகப் புனிதமான நாள். முதல் நாள் சாயங்காலம் தொடங்கி மறுநாள் இருட்டும்வரை ஏறக்குறைய 25 மணி நேரம் சோறும் இல்லை, ஒரு வாய்த் தண்ணீரும் இல்லை. தெய்வத்துக்குச் செய்த பிழைக்குத் தெய்வம் மன்னிப்புத் தரும். பக்கத்து வீட்டுக்காரருக்குச் செய்த பிழைக்கு அவரிடமே போய்த்தான் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்பது இந்த நாளின் சட்டம். எல்லோரும் எல்லோருக்கும் தெரிந்தவர்களாக இருந்த ஒரே ஒரு தெருவில், அது எத்தனை கஷ்டமான காரியம் என்று யோசித்துப் பாருங்கள்!

கீற்றுப் பந்தலில் ஏழு நாள்

நோன்பு முடிந்த கையோடு தெருவே வேறு முகம் காட்டும். ஐந்தாம் நாள் பௌர்ணமியில் 'சுக்கோத்' என்னும் கூடாரப் பண்டிகை தொடங்கிவிடும். எகிப்தில் அடிமைத்தளையில் இருந்து மீண்ட முன்னோர், பாலைவனத்தில் கூடாரம் போட்டு அலைந்த நாட்களின் நினைவு அது. ஏழு நாளும் குடும்பத்தோடு பந்தலுக்குள் உட்கார்ந்துதான் சாப்பிட வேண்டும்.

பந்தலுக்கும் சட்டம் உண்டு. கூரை மண்ணில் விளைந்த பொருளால் ஆனதாக இருக்க வேண்டும். நிழல் தர வேண்டும். ஆனால் இடைவெளி வழியே இரவில் நட்சத்திரமும் தெரிய வேண்டும். குளிர்நாட்டு யூதர்கள் இதற்காகக் கிளைகளைத் தேடி அலைவார்கள். கொச்சிக்காரர்களுக்கு அந்தக் கவலையே இல்லை. தென்னங்கீற்று இருக்க வேறென்ன வேண்டும்? ஒரே ஒரு கவலைதான், மழை. ஐப்பசி அடைமழையை ஒட்டி வரும் பண்டிகை ஆயிற்றே!

மல்லிகைச் சரமும் தேங்காய் எண்ணெய் விளக்கும்

கொச்சி யூதர்கள் ஆண்டு முழுவதும் காத்திருந்த நாள் ஒன்று உண்டு. கூடாரப் பண்டிகை முடிந்ததும் வரும் 'சிம்ஹத் தோரா'. தோராவின் ஆனந்தம் என்று பொருள்.

தோரா என்பது மோசேயின் ஐந்து நூல்கள். தோலில் கையால் எழுதப்பட்ட ஒரு சுருளில் 3,04,805 எழுத்துகள் இருக்கும். ஓர் எழுத்து சிதைந்தாலும் சரிசெய்யும்வரை சபையில் வாசிக்கக் கூடாது. மொத்தத்தையும் 54 பகுதிகளாகப் பிரித்து, வாராவாரம் சனிக்கிழமை வாசித்து வருவார்கள். சிம்ஹத் தோரா அன்று கடைசிப் பகுதியை முடிப்பார்கள். முடித்த கையோடு, அங்கேயே, அன்றே ஆதியாகமத்தின் முதல் வரியில் இருந்து மறுபடி தொடங்குவார்கள்.

உலகம் முழுக்க யூதர்கள் இதைக் கொண்டாடுகிறார்கள். ஆனால் கொச்சியில் கொண்டாடிய விதமே தனி. ஆலயம் முழுக்க மல்லிகைச் சரங்கள் தொங்கும். சுருள்கள் வழக்கமாக இருக்கும் பேழைக்கு முன்னால், பட்டுத் துணி போர்த்திய தற்காலிகப் பேழை ஒன்றை அமைப்பார்கள். சுருள்களை எல்லாம் வெளியே எடுத்து, வெள்ளியும் பொன்னும் பதித்த உறைகளோடும் கிரீடங்களோடும் அதில் வைப்பார்கள். திருவிதாங்கூர் மகாராஜா காணிக்கையாகக் கொடுத்த பொற்கிரீடமும் அங்கே உண்டு. வாசலில் அடுக்கடுக்காகக் கூம்பு போல உயரும் விளக்குச் சட்டத்தில் தேங்காய் எண்ணெய்த் தீபங்கள் எரியும்.

அன்று வழக்கமாக மாடியில் இருந்து வழிபடும் பெண்களும் கீழ்த்தளத்துக்கு இறங்கி வந்து சுருள்களை முத்தமிடுவார்கள். பாட்டும் ஆட்டமுமாகச் சுருள்களைச் சுமந்து ஆண்கள் வலம் வருவார்கள். பிற ஊர்களில் ஆலயத்துக்கு உள்ளேயே ஏழு சுற்று சுற்றுவது வழக்கம். கொச்சியில் சுருள்களை வெளியே எடுத்து வந்து, ஆலயத்தையே வலம் வந்தார்கள். கடைசியில் அந்தத் தற்காலிகப் பேழையைக் கலைத்துவிடுவார்கள்.

படிக்கும்போதே உற்சவமூர்த்தி புறப்பாடு உங்களுக்கு நினைவு வருகிறதா? கொச்சியில் ஓராண்டு தங்கி இந்தச் சமூகத்தைப் பற்றி எழுதிய நாதன் காட்ஸ், எல்லன் கோல்ட்பர்க் என்ற அமெரிக்க ஆய்வாளர்களுக்கும் அதே நினைவுதான் வந்தது. பக்கத்துக் கோயிலின் திருவிழாவைத் தலைமுறை தலைமுறையாகப் பார்த்து வாழ்ந்தவர்கள், தங்கள் வேதத்துக்கு ஒரு துளியும் மாறு செய்யாமல், கொண்டாடும் அழகை மட்டும் அங்கிருந்து எடுத்துக்கொண்டார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு ஆலயத்துக்குள் போகும் வழக்கமும் அப்படி வந்ததுதான். மேலைநாட்டு சினகாக்குகளில் அது கிடையாது.

நூறு நாள் வேலை

குளிர்காலத்தில் 'ஹனுக்கா' வரும். எட்டு நாள் விளக்குப் பண்டிகை. முதல் நாள் ஒரு தீபம், மறுநாள் இரண்டு என்று கூடிக்கொண்டே போகும். கொச்சியில் பித்தளை விளக்கில் தேங்காய் எண்ணெய் ஊற்றித் திரி போட்டார்கள். பிறகு மாசி, பங்குனி வாக்கில் 'பூரிம்'. பாரசீகத்தில் யூதர்களை அழிக்கத் திட்டம் போட்ட ஹாமான் என்ற மந்திரியிடம் இருந்து எஸ்தர் ராணி தன் மக்களைக் காப்பாற்றிய கதையை வாசித்து, பிள்ளைகள் அமர்க்களம் செய்யும் நாள்.

ஆனால் ஹனுக்கா விளக்கு அணைந்த உடனேயே, வீட்டுப் பெண்களின் மனசு 'பெசாக்'குக்குத் தாவிவிடும். பைபிள் படித்தவர்களுக்கு அது பாஸ்கா பண்டிகை. எகிப்தில் இருந்து விடுதலை பெற்ற இரவின் நினைவு. பங்குனி அல்லது சித்திரைப் பௌர்ணமியில் தொடங்கும். அவசரமாகக் கிளம்பிய முன்னோருக்கு மாவு புளிக்கக்கூட நேரமில்லை. அதனால் பண்டிகை முடியும்வரை புளித்த மாவின் ஒரு துணுக்குகூட வீட்டில் இருக்கக் கூடாது. புளிப்பில்லாத ரொட்டிதான் உணவு.

இந்த விதியைக் கொச்சிப் பெண்கள் கடைப்பிடித்த கண்டிப்பு வேறெங்கும் காணாதது. வீட்டுக்கு வெள்ளையடிப்பார்கள். கிணற்றை இறைத்து, தேய்த்துக் கழுவுவார்கள். பெசாக்குக்கு மட்டுமே எடுக்கும் பாத்திரங்கள் தனி அறையில் பூட்டியிருக்கும். ஐரோப்பிய யூதர்கள் பலர் இந்த நாட்களில் அரிசியைத் தொடவே மாட்டார்கள். கொச்சிக்காரர்களால் சோறு இல்லாமல் முடியுமா? அதனால் அரிசியை முறத்தில் பரப்பி, மணி மணியாகப் பார்த்து, ஒரு முறைக்குப் பல முறை பொறுக்கி எடுப்பார்கள். ஒரு கோதுமை மணி கலந்துவிட்டாலும் ஆபத்தாயிற்றே! சடங்குக்கு வேண்டிய திராட்சை ரசத்தையும் உலர்திராட்சையை வேகவைத்து வீட்டிலேயே தயாரித்தார்கள்.

இந்த நூறு நாளில் மனைவி ஒரு சின்னத் தவறு செய்தாலும் கணவன், பிள்ளைகளின் உயிருக்கு ஆகாது என்று நம்பினார்களாம். எத்தனை பெரிய பாரம் பாருங்கள்! மடி, ஆசாரம் பார்க்கும் வீடுகளில் வளர்ந்த நம் பாட்டிமார்களுக்கு இது சட்டென்று புரியும்.

ஆண்டின் சக்கரத்தில் துக்கத்துக்கும் இடம் உண்டு. ஆடி மாதத்தை ஒட்டி வரும் 'திஷா பாவ்' அன்று ஜெருசலேம் ஆலயம் இடிந்ததை நினைத்துப் பட்டினி இருந்து, தரையில் அமர்ந்து புலம்பல் பாடுவார்கள். அது முடிந்த சில வாரங்களில் மறுபடி புத்தாண்டு வந்துவிடும்.

நோட்டுப் புத்தகத்தில் மலையாளப் பாட்டு

மின்யான் கணக்கில் பெண்கள் வருவதில்லை. ஆனால் பெண்கள் இல்லாமல் கொச்சியில் பண்டிகை இல்லை. மிகக் கட்டுப்பாடான யூத சமூகங்கள் பலவற்றில், ஆண்கள் முன்னிலையில் பெண்கள் பாடக் கூடாது என்பார்கள். கொச்சியில் அந்தத் தடை இல்லை. ஆலய வழிபாட்டில் அவர்களும் ஹீப்ருவில் கூடவே பாடினார்கள்.

அது மட்டுமா? கல்யாணத்துக்கும் பண்டிகைக்கும் என்று மலையாளத்தில் தனிப் பாட்டுகளே வைத்திருந்தார்கள். பைபிள் கதைகள், ஆலயம் கட்டிய கதை, மணப்பெண்ணை வாழ்த்தும் பாட்டு எனப் பலவிதம். பாட்டிகள் கையால் எழுதிய நோட்டுப் புத்தகங்கள் பேத்திகளுக்குப் போயின. ஸ்கரியா ஸக்கரியா, பார்பரா ஜான்சன் போன்ற ஆய்வாளர்கள் இந்த நோட்டுகளைத் தேடிச் சேர்த்துப் பதிப்பித்ததால் இவை இன்று நமக்குத் தெரிகின்றன.

கொச்சி ஆலயங்களின் கட்டுமானத்திலும் ஓர் அதிசயம் உண்டு. நடுக்கூடத்தில் ஒரு வாசிப்பு மேடை. மாடியில், பெண்கள் அமரும் இடத்துக்கு முன்னால் இன்னொரு வாசிப்பு மேடை. ஓய்வு நாளிலும் பண்டிகைகளிலும் தோரா வாசிப்பு மாடி மேடையில்தான் நடக்கும். அதாவது, மரத் தட்டிக்கு அந்தப் பக்கம், பெண்களுக்குக் கைக்கெட்டும் தூரத்தில்!

ஆலயத்துக்குள் ஒரு சத்தியாகிரகம்

இந்தக் கதையில் அழகில்லாத ஒரு பக்கமும் உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் மின்யான் கதை முழுமையாகாது.

பரதேசி யூதர்கள், மலபார் யூதர்களோடு திருமண உறவு வைத்துக்கொள்ளவில்லை. தங்கள் ஆலயத்திலேயே வழிபட்ட இன்னொரு பிரிவினரையும் ஒதுக்கியே வைத்தார்கள். விடுவிக்கப்பட்ட அடிமைகளின் வம்சம் என்று முத்திரை குத்தப்பட்டவர்கள் அவர்கள். அவர்களுக்குப் பெஞ்சில் இடமில்லை, முன்கூடத்துத் தரைதான். தோரா வாசிக்க அழைப்பும் கிடையாது. சுற்றியிருந்த ஊரின் சாதி, வாசலில் செருப்பைக் கழற்றியவர்களோடு கூடவே உள்ளே போயிருந்தது.

அந்தத் தரையில் உட்கார வைக்கப்பட்ட குடும்பத்தில் 1882-இல் பிறந்தவர் ஏ.பி.சலேம். படித்து வழக்கறிஞர் ஆனார். கொச்சி சட்டசபையில் உறுப்பினராக இருந்தார். காந்தியின் வழியில் ஈர்ப்புக் கொண்டு விடுதலை இயக்கத்தோடு நின்றார். வெளியே ஆங்கிலேயரை எதிர்க்கப் பயன்பட்ட அதே ஆயுதத்தைத் தன் ஆலயத்துக்குள் கொண்டு வந்தார். வழிபாட்டைப் புறக்கணித்தார், உட்காரக் கூடாது என்ற இடத்தில் போய் அமைதியாக உட்கார்ந்தார். உடனே எதுவும் மாறிவிடவில்லை. ஆண்டுக்கணக்கில் நடந்த பொறுமையான போராட்டத்துக்குப் பிறகு, கட்டுப்பாடுகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. 'யூத காந்தி' என்ற பெயர் அவருக்கு நிலைத்தது. ஆனாலும் அவர் மகன் பரதேசிக் குடும்பத்துப் பெண்ணை மணக்க விரும்பியபோது, திருமணத்தைக் கொச்சியில் நடத்த முடியாமல் பம்பாய்க்குப் போக வேண்டியிருந்தது.

யாரும் விரட்டாமல் கிளம்பியவர்கள்

1948-இல் இஸ்ரேல் உருவானது. அதற்கு முன் கொச்சி யூதர்கள் 2,000 பேருக்கு மேல் இருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் புறப்படத் தயாரானார்கள். யாரும் அவர்களை விரட்டவில்லை. ஐரோப்பாவில் யூதர்கள் பட்ட பாட்டில் நூற்றில் ஒரு பங்கைக்கூட அவர்கள் கேரளத்தில் கண்டதில்லை. ஒவ்வொரு பெசாக் இரவிலும், அடுத்த ஆண்டு ஜெருசலேமில் இருக்க வேண்டும் என்று ஜெபித்து வந்தவர்கள், அந்த வாசல் திறந்ததும் கிளம்பிவிட்டார்கள். மன்னராட்சி முடிந்ததும், தொழில் நசிந்ததும் கூடச் சேர்ந்துகொண்டன.

ஆனால் ஒரு தடை குறுக்கே வந்தது. யானைக்கால் நோய்! கொச்சிப் பகுதியில் அந்த நோய் அதிகம் என்பதால், புதிய நாட்டின் சுகாதார அதிகாரிகள் தயங்கினார்கள். குடும்பங்கள் சொத்தை விற்றுவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தன. வறண்ட நிலத்தில் நோய் பரவாது என்று தெளிவான பிறகே அனுமதி கிடைத்தது. இதற்காக 1953-இல் இஸ்ரேல் போய்ப் பேசியவர்களில் சலேமும் ஒருவர். 1954, 1955-இல் பெரும் கூட்டம் கிளம்பியது. மாளாவின் யூதர்கள் தங்கள் ஆலயத்தையும் கல்லறைத் தோட்டத்தையும் ஊர் பஞ்சாயத்திடம் ஒப்படைத்துவிட்டுப் போனார்கள். சலேம் மட்டும் கொச்சியிலேயே இருந்து, 1967-இல் அங்கேயே காலமானார்.

ஏழு மலபார் ஆலயங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடின. பரதேசி மட்டும் தாக்குப் பிடித்தது. 1968-இல் அதன் 400-ஆம் ஆண்டு விழாவுக்குப் பிரதமர் இந்திரா காந்தி வந்தார். அஞ்சல்தலை வெளியிடப்பட்டது. ஆனால் விழா முடிந்த பிறகு அங்கிருந்தும் குடும்பங்கள் கிளம்பிக்கொண்டே இருந்தன. அதன் பிறகு சனிக்கிழமைகளில் பெஞ்சில் இருந்தவர்களை எண்ணிப் பார்க்கும் நிலை வந்தது. எர்ணாகுளத்தில் எஞ்சியிருந்த மலபார் யூதர்கள் படகேறி வருவார்கள். வெளிநாட்டு யூதப் பயணி யாராவது தெருவில் தென்பட்டால் அழைப்பார்கள். அப்படித்தான் பத்து நிறைந்தது. ஒரு காலத்தில் உறவு வேண்டாம் என்று விலக்கி வைத்தவர்கள் வந்தால்தான் தோராவை வெளியே எடுக்க முடியும் என்றானது.

யூதத் தெருவில் பூத்தையல் கடை வைத்திருந்த, பயணிகள் எல்லோரும் தேடி வந்து பார்த்த மூதாட்டி 2019-இல் 96 வயதில் மறைந்தார். பரதேசி யூதர்களின் கடைசிப் பெண்மணி 2024 ஆகஸ்டில் 89 வயதில் மறைந்தார்.

பாலைவனத்தில் கொச்சிப் பூக்கள்

இத்தோடு கதை முடிந்துவிட்டது என்று நினைத்தால் தப்பு. கொச்சியின் பண்டிகைகள் இடம் மாறியிருக்கின்றன. இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில் நெவாதிம், ஜெருசலேம் அருகே மெசிலாத் சியோன் போன்ற விவசாயக் கிராமங்களில் கொச்சி யூதர்கள் குடியேறினார்கள். தண்ணீரும் தென்னையும் பார்த்து வளர்ந்தவர்களுக்கு மணலும் கல்லும் கிடைத்தன. முதல் ஆண்டுகள் மிகக் கடினம். பிறகு அவர்கள் பிடித்துக்கொண்ட தொழில்களில் ஒன்று பூ விவசாயம். சேந்தமங்கலத்தில் இருந்து போய்ப் பாலைவனத்தில் பூ வளர்த்த எலியாஹு பெசலேல், இந்திய அரசின் பிரவாசி பாரதிய சம்மான் விருதைப் பெற்றவர்.

நெவாதிமில் கொச்சிப் பாணியில் ஒரு சினகாக்கும், கொச்சி யூதர்களின் பாரம்பரிய மையமும் இருக்கின்றன. கொச்சி ராகத்தில் ஜெபங்கள் அங்கே ஒலிக்கின்றன. பாட்டிகளின் நோட்டுப் புத்தகப் பாட்டுகளைப் பேத்திகள் கூடிப் பயின்று, இசைத்தட்டாகவும் வெளியிட்டார்கள். மட்டாஞ்சேரி கடவும்பாகம் ஆலயத்தின் மர வேலைப்பாடுகள் கழற்றி எடுத்துச் செல்லப்பட்டு, ஜெருசலேமில் உள்ள இஸ்ரேல் அருங்காட்சியகத்தில் மீண்டும் பொருத்தப்பட்டிருக்கின்றன.

கேரளத்திலும் எல்லாம் பாழாகிவிடவில்லை. முசிறிப் பாரம்பரியத் திட்டத்தின் கீழ் பரவூர், சேந்தமங்கலம் ஆலயங்கள் சீரமைக்கப்பட்டு அருங்காட்சியகங்களாகத் திறந்திருக்கின்றன. எர்ணாகுளம் சந்தைப் பகுதியில் உள்ள கடவும்பாகம் ஆலயத்தின் கதை இன்னும் சுவையானது. வழிபாடு நின்ற பிறகு, அதைப் பாதுகாத்த யூதர் ஒருவர் முன்பகுதியில் அலங்கார மீனும் செடியும் விற்றார். மீன் தொட்டிகளைத் தாண்டிப் போனால், உள்ளே செதுக்கிய விதானமும் பேழையும் அப்படியே இருந்தன! பின்னர் அவரே முயன்று ஆலயத்தைப் புதுப்பித்தார்.

போகிறவர்கள் கவனத்துக்கு...

* பரதேசி சினகாக்கில் சனிக்கிழமையும் யூதப் பண்டிகை நாட்களிலும் பார்வையாளர்களுக்கு அனுமதி இல்லை. வெள்ளிக்கிழமை போவதாக இருந்தால் காலையிலேயே போய்விடுங்கள்.

* தோளும் முழங்காலும் மறையும் உடை அவசியம். செருப்பை வாசலிலேயே விட வேண்டும்.

* உள்ளே போனதும் தரை ஓடுகளைப் பாருங்கள். டச்சுக் கம்பெனியின் பெரிய வியாபாரியாக இருந்த எசக்கியேல் ரகபி, 18-ஆம் நூற்றாண்டில் சீனாவின் கான்டனில் இருந்து வரவழைத்தவை. கையால் வரைந்தவை என்பதால் ஒன்று போல் ஒன்று இருக்காது. மணிக்கூண்டும் அவர் எழுப்பியதுதான்.

* வெளியே சுவரில் பதித்திருக்கும் ஹீப்ருக் கல்வெட்டைத் தவறவிடாதீர்கள். 1344-இல் கட்டப்பட்டு இன்று இல்லாமல் போன கொச்சங்காடி ஆலயத்தின் கல் அது.

* மாடியில் இருக்கும் இரண்டாவது மேடையை அண்ணாந்து பாருங்கள். பண்டிகை நாட்களில் தோரா வாசிக்கப்பட்டது அங்கேதான். அதற்குப் பின்னால் இருக்கும் தட்டிக்கு அந்தப் பக்கம்தான் பெண்கள் கூடவே பாடினார்கள்.

ஓடுகளும் விளக்குகளும் இன்னும் பல நூற்றாண்டுகள் இருக்கும். அந்த மேடையில் தோரா மறுபடி விரிய வேண்டுமானால், எங்கிருந்தாவது பத்துப் பேர் வர வேண்டும். எப்போதாவது ஒரு பண்டிகை நாளில், வெளியூர் யூதர்கள் சேர்ந்து அந்தக் கணக்கு நிறையும்போது, கொச்சியின் பழைய ஆண்டு அன்று ஒரு நாள் மட்டும் தொடர்கிறது.